கோட் காட்டுவது சென்சாரையா, வயரையா? கனரக டீசல் இன்ஜின்களில் சென்சார் சர்க்யூட் பழுதைக் கண்டுபிடிப்பது

பொக்லைனின் திரையில் 100-1 என்ற பழுது எண் (கோட்) வந்தால் இன்ஜினை அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆயில் பிரஷர் உண்மையாகவே விழுந்துவிட்டது என்று இன்ஜினின் கம்ப்யூட்டர் சொல்கிறது. அதே திரையில் 100-4 என்று வந்தால் சங்கதி வேறு. ஆயில் பிரஷர் எவ்வளவு என்பதே அப்போது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சென்சாரிலிருந்து வர வேண்டிய வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முதல் கோடுக்கு ஸ்பேனரும் மெக்கானிக்கல் பிரஷர் கேஜும் வேண்டும். இரண்டாவதுக்கு மல்டிமீட்டர் வேண்டும். இரண்டையுமே "ஆயில் கோட் வருது" என்று சொல்லி, ஒரு சென்சாரை வாங்கி மாட்டி, கோட் அப்படியே நிற்க, அடுத்து இன்னொரு சென்சாருக்கு ஆர்டர் போடுவது கல்குவாரிகளிலும் ரோடு வேலை நடக்கும் இடங்களிலும் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சி. பணம் போவது ஒரு பக்கம். பழுது எங்கே என்று தெரியாமலே வண்டி மறுபடி வேலைக்குப் போவது அதைவிட மோசம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. டீசல் வந்தால், காற்று வந்தால், இன்ஜின் ஓடும். இப்போது நிலைமை மாறிவிட்டது. இந்தியாவில் சக்கரம் வைத்த கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் சி.இ.வி. ஸ்டேஜ் 4 புகை விதியும், 2025 ஜனவரியில் ஸ்டேஜ் 5 விதியும் நடைமுறைக்கு வந்தன. இந்த விதிகளுக்கு ஈடுகொடுக்க, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் காமன் ரெயிலும் அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சென்சார்களும் வழக்கமாகிவிட்டன. கைப்பழக்கத்தில் கெட்டிக்காரரான எத்தனையோ மெக்கானிக்குகள் வயரிங் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியும், ஒரு சாதாரண மல்டிமீட்டரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசிப் பழுதைக் கையோடு பிடித்துவிடலாம்.

கோடில் இருக்கும் இரண்டு எண்கள்

கனரக வண்டிகளில் பெரும்பாலானவை ஜே1939 என்ற பொது முறையில் கோட் கொடுக்கின்றன. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி எண் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான். கோடில் இரண்டு பாகம் உண்டு. முதல் எண் எஸ்.பி.என். எந்த அளவைப் பற்றிய பேச்சு என்பதை அது சொல்லும். 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 102 இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று இன்ஜினுக்குள் போகும் குழாய்) உள்ள பூஸ்ட் பிரஷர், 105 அதே மேனிஃபோல்டின் காற்று வெப்பம், 157 காமன் ரெயிலின் டீசல் பிரஷர், 190 இன்ஜின் வேகம், 91 ஆக்சிலரேட்டர். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். வண்டியில் வேலை செய்யச் செய்ய தானாக மனதில் நின்றுவிடும்.

இரண்டாவது எண் எஃப்.எம்.ஐ. இதைத்தான் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கே கை வைப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 0, 1, 15 முதல் 18 வரை வந்தால் சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டர் நம்புகிறது. அளவுதான் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது. 110-0 என்றால் இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் பக்கம் போக வேண்டும். 3 வந்தால் வோல்டேஜ் அளவுக்கு மேலே. 4 வந்தால் அளவுக்குக் கீழே. 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் கட், 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த் ஆகிவிட்டது. 2 என்றால் சிக்னல் தாறுமாறாக ஆடுகிறது. இந்த 2 முதல் 6 வரை உள்ளவைதான் மின்சாரப் பக்கத்து எண்கள். மற்றவற்றை வரும்போது மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. வயர் அறுந்தால் 5 என்று வரும் என எதிர்பார்ப்பார்கள். ஆனால் கூலன்ட் சென்சாரின் வயரை அறுத்தால் வருவது 110-3. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

5 வோல்ட்டின் பயணம்

இன்ஜின் கம்ப்யூட்டரை இனி இசிஎம் என்றே சொல்கிறேன். வண்டியின் பேட்டரி 24 வோல்ட்டாக இருந்தாலும் 12 வோல்ட்டாக இருந்தாலும், சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு இசிஎம் கொடுப்பது அதனுள்ளேயே சீராக்கப்பட்ட 5 வோல்ட் மட்டும்.

வெப்ப சென்சாருக்கு இரண்டு வயர். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை (ஓம்) குறையும் ஒரு தெர்மிஸ்டர். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் 2500 ஓம், 60 டிகிரியில் 600 ஓம் அளவு, 80 டிகிரியில் 320 ஓம் அளவு, 100 டிகிரியில் 190 ஓம் அளவு இருக்கும். இசிஎம்முக்குள் ஒரு நிலையான ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் வழியாக 5 வோல்ட் வெளியே வந்து, சிக்னல் வயரில் போய், தெர்மிஸ்டரைத் தாண்டி, ரிட்டர்ன் வயர் வழியாக இசிஎம்முக்கே திரும்புகிறது. இந்த 5 வோல்ட்டை உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் வெளியே இருக்கும் தெர்மிஸ்டரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தெர்மிஸ்டரின் பங்குக்கு எவ்வளவு வந்தது என்பதைத்தான் இசிஎம் பார்க்கிறது.

உள்ளே 2200 ஓம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் 20 டிகிரியில் 2500 ஓம் என்றால் சிக்னலில் சுமார் 2.7 வோல்ட். 80 டிகிரிக்கு ஏறியதும் சுமார் 0.64 வோல்ட். இப்போது வயரை அறுங்கள். கரண்ட் ஓட வழியே இல்லை, உள்ளே இருக்கும் ரெசிஸ்டரில் எந்த இழப்பும் இல்லை, முழு 5 வோல்ட்டும் சிக்னல் முனையில் அப்படியே நிற்கும். இசிஎம் கண்ணுக்கு அது "வோல்டேஜ் மேலே", ஆகவே எஃப்.எம்.ஐ. 3. மாறாக சிக்னல் வயர் உரசி இன்ஜின் பிளாக்கில் எர்த் ஆனால் 0 வோல்ட், ஆகவே 4. எஃப்.எம்.ஐ. 5 அதிகம் வருவது இன்ஜெக்டர், சோலனாய்டு போன்ற, இசிஎம் கரண்ட் அனுப்பி வேலை வாங்கும் பாகங்களில். அங்கே அது கரண்டையே அளந்து பார்க்கிறது.

இசிஎம்மையே கேட்டுவிடுவது

ஒரு இருபது டன் பொக்லைனில் 110-3 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெம்பரேச்சர் தெரியாததால் இசிஎம் ஒரு கற்பனை அளவை வைத்துக்கொண்டு ஓடும். பல வண்டிகளில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், சிலவற்றில் இழுவையும் குறையும்.

முதலில் கோடை அழிக்காதீர்கள். இப்போது நிற்கும் கோட் எது, முன்பு வந்து போன கோட் எது, எத்தனை தடவை வந்தது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே ஒரு சாட்சி. அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பேட்டரி வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். பேட்டரி படுத்துவிட்ட வண்டி இல்லாத பழுதையெல்லாம் இருப்பதாகச் சொல்லும்.

அப்புறம் சாவியை ஆஃப் செய்து சென்சாரில் வயர் செருகும் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், வயரிங் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்களுக்கு நடுவே வோல்டேஜ் பாருங்கள். 5 வோல்ட் வந்தால் போக வர இரண்டு வயரும் இசிஎம் வரை தொடர்பில் இருக்கின்றன. எதுவும் காட்டாவிட்டால், சிக்னல் பின்னுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள். அங்கே 5 வோல்ட் வருகிறது, பின்களுக்கு நடுவே மட்டும் வரவில்லை என்றால் ரிட்டர்ன் வயர் கட். பிளாக்கை வைத்துப் பார்த்தும் எதுவும் இல்லை என்றால் சிக்னல் வயர் கட். 24 வோல்ட் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். சிக்னல் வயர் எங்கோ சப்ளை வயரோடு ஒட்டியிருக்கிறது.

5 வோல்ட் சரியாக இருந்தால் அடுத்த வேலை. ஒரு சின்ன வயரால் அந்த இரண்டு பின்களையும் இணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். 110-3 போய் 110-4 வர வேண்டும். வந்துவிட்டால், "வோல்டேஜ் கீழே போனது எனக்குத் தெரிகிறது" என்று இசிஎம்மே சொல்லிவிட்டது. வயரும் இசிஎம்மும் சரி. பழுது சென்சாரில், அல்லது அந்தக் கப்ளரின் பின்னில். இப்போது தைரியமாகச் சென்சார் வாங்கலாம். இணைத்த பிறகும் 3 அப்படியே நின்றால் புது சென்சாரும் ஒன்றும் செய்யாது.

110-4 வந்த வண்டிக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கப்ளரைக் கழற்றியதும் 4 போய் 3 வந்தால் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். கழற்றிய பின்னும் 4 நின்றால் சிக்னல் வயர் எங்கோ பாடியில் எர்த் ஆகிறது. சாவியை ஆஃப் செய்து, இசிஎம் பக்கத்துக் கப்ளரையும் கழற்றி, அந்த வயருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓம் பார்த்தால் தெரிந்துவிடும். சென்சார் வயரில் ஓம் பார்ப்பது எப்போதுமே கரண்ட் இல்லாத, இரு பக்கமும் கழற்றிய வயரில்தான்.

கோடை நாமே மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. சென்சார் பழுது பார்க்கும் வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். அத்தனை பெரிய டயக்னாஸ்டிக் கருவிகளை வைத்திருப்பவர்கள்கூட இதைச் செய்யாமல் பாகம் மாற்றுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

மூன்று வயர் சென்சார்

பிரஷர் சென்சார்களுக்கு மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, ரிட்டர்ன், சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட் என்பது வழக்கமான அமைப்பு. 0 முதல் 5 வரை முழுவதையும் ஏன் பயன்படுத்தவில்லை? இரண்டு ஓரத்திலும் விட்ட அந்த இடைவெளிதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும் இடம். நல்ல சென்சார் ஒருபோதும் 0.1 வோல்ட் சொல்லாது. சொன்னால் அது பிரஷரைப் பற்றிய செய்தி இல்லை, வயரைப் பற்றிய செய்தி.

சப்ளை வயர் அறுந்தால் சிக்னல் கீழே விழும், கோட் 4. ரிட்டர்ன் அறுந்தால் சிக்னல் மேலே ஏறும், கோட் 3. சிக்னல் வயரே அறுந்தால் இசிஎம்மின் உள்ளமைப்பைப் பொறுத்து சில வண்டிகளில் 3, சில வண்டிகளில் 4. ஆகவே இங்கே ஊகம் வேண்டாம், அந்த மாடலின் மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். கப்ளரைக் கழற்றிச் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மீட்டரின் கறுப்பு முனையைப் பிளாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ரிட்டர்ன் அறுந்திருந்தாலும் அங்கே 5 வோல்ட் காட்டும். சப்ளை பின்னையும் ரிட்டர்ன் பின்னையும் மட்டும் ஒருபோதும் இணைத்துவிடாதீர்கள், அது இசிஎம்மின் 5 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்வது.

ரெயில் பிரஷர் சென்சாரும் இந்த மூன்று வயர் வகைதான். ஆனால் இன்ஜின் ஓடும்போது அதன் பக்கத்தில் ஸ்பேனர் போகக் கூடாது. ரெயிலுக்குள் 1600 பார், அதற்கு மேலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கையால் கசிவைத் தடவிப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும்.

ஒரே நேரத்தில் நான்கு கோட் வந்தால்

ஆயில் பிரஷர், பூஸ்ட், ரெயில் பிரஷர் என்று ஒரே நொடியில் மூன்று நான்கு கோட் குதித்தால் அத்தனை சென்சாரும் ஒன்றாகச் சாக வாய்ப்பே இல்லை. இசிஎம்முக்குள் ஒரே 5 வோல்ட் சப்ளையிலிருந்து பல சென்சார்களுக்குக் கிளை போகிறது. தெருவுக்கு ஒரே குடிநீர்க் குழாய் போட்டிருக்கும்போது ஒரு வீட்டில் உடைந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் நூலாக வருமே, அதே கதை. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த வரிசையில் உள்ள எல்லாருக்கும் 5 வோல்ட் விழும். கூடவே 3509 அல்லது 3510 என்ற சென்சார் சப்ளை கோடும் 4 உடன் வந்திருந்தால் சந்தேகமே இல்லை.

ஏதாவது ஒரு கப்ளரில் அந்த 5 வோல்ட்டில் மீட்டரை மாட்டி வைத்துவிட்டு, அதே சப்ளையில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் 5க்குத் திரும்புகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஹார்னஸில் (வயர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு) சப்ளை வயர் உரசியிருக்கிறது. எந்தச் சென்சார் எந்தச் சப்ளையில் இருக்கிறது என்பது வயரிங் படத்தில் இருக்கும். படம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கண்ணால் பிடிக்கும் பழுது

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் டார்ச் லைட்டை எடுப்பது நல்லது. பாறை உடைக்கும் பிரேக்கர் பூட்டிய பொக்லைனில் அதிர்வு நாள் முழுக்க ஓயாது. ஒரு கிளிப் கழன்றால் போதும், ஹார்னஸ் ஏதாவது பிராக்கெட் முனையிலோ ஹைட்ராலிக் ஹோஸிலோ உரச ஆரம்பித்துவிடும். வெளியே சுற்றிய நெளிகுழாய் நன்றாகவே தெரியும். கீழ்ப்பக்கம் திருப்பிப் பார்த்தால் தேய்ந்து, உள்ளே ஒரு வயரின் செம்பு பளபளக்கும். டர்போ பக்கம் வெந்த வயர், டயர்ப் பக்கம் சேறு அடித்த கப்ளர், ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் எலி கடித்த இடம். இவை மூன்றையும் முதலில் பார்த்துவிடுவேன்.

கப்ளரைத் திறந்து பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவியதும் கோட் வந்தது என்று ஆபரேட்டர் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், அவர் பாதிப் பழுதைச் சொல்லிவிட்டார். டாய்ட்ச் வகைக் கப்ளர்களில் வயர் போகாத ஓட்டைக்கு ஒரு அடைப்பான் இருக்கும். அது விழுந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கும். பெண் பின்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார்க்க, அதே அளவுப் புது ஆண் பின் ஒன்றைக் கையில் வைத்து ஒவ்வொன்றிலும் செருகி இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். தொளதொளவென்று வந்தால் பழுது அங்கேதான், வேறெங்கும் தேட வேண்டாம். இப்படி விரிவதற்குப் பெரும்பாலும் காரணம், முன்பு யாரோ மீட்டரின் தடித்த முனையை அதில் குத்தியதுதான். முனையைப் பின்பக்கமாக, சீலைக் கிழிக்காமல் விட வேண்டும், அல்லது கப்ளருக்கு நடுவே செருகி அளக்க இதற்கென்றே உள்ள டீ ஹார்னஸ் போட வேண்டும். வயரின் தோலைக் குத்தி வோல்டேஜ் பார்ப்பதும் வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, மாதங்கள் கழித்து அதே இடத்தில் செம்பு பச்சையாகிப் பொடியும்.

பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைத்த பிறகு வந்த கோட் என்றால் அது தனி வகை. வெல்டிங்குக்கு முன் மாஸ்டர் சுவிட்சை ஆஃப் செய்து, பேட்டரி வயரைக் கழற்றி, மேனுவல் சொன்னால் இசிஎம் கப்ளரையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வைக்க வேண்டும். எர்த்தை எங்கோ சேஸிஸில் கடிக்க வைத்தால் அந்தக் கரண்ட் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் தன் பாதையைத் தேடிக்கொள்ளும்.

கோடே வராத பழுது

எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். மேலே சொன்ன தெர்மிஸ்டரின் கப்ளரில் களிம்பு ஏறி 300 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். இன்ஜின் 80 டிகிரியில் இருக்கிறது, தெர்மிஸ்டர் 320 ஓம். களிம்பையும் சேர்த்து இசிஎம் பார்ப்பது 620 ஓம். அந்த ஓமுக்கு அதன் கணக்கில் வெப்பம் 60 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே. இப்போது ரேடியேட்டர் அடைத்து இன்ஜின் 100 டிகிரிக்கு ஏறுகிறது. தெர்மிஸ்டர் 190, களிம்பு 300, ஆக 490 ஓம். திரையில் 66 டிகிரி அளவில் காட்டும். வோல்டேஜ் எல்லைக்குள்ளேயே இருப்பதால் 3ம் வராது, 4ம் வராது. எச்சரிக்கை மணியும் அடிக்காது. கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும், ஹெட் கேஸ்கட் போகும்வரை.

இதைப் பிடிக்க மீட்டர்கூட வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், சென்சார் அளவுகளை அந்த நேரத்திலேயே காட்டும் லைவ் டேட்டா திரையில் கூலன்ட், இன்டேக் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பத்தைப் பாருங்கள். மூன்றும் வெளியே உள்ள வெப்பத்துக்குப் பக்கத்தில், சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சர்க்யூட்டைப் பாருங்கள். ஆனால் குளிர்ந்த நிலையில் தெர்மிஸ்டரே 2500 ஓம் இருப்பதால் 300 ஓம் களிம்பு சில டிகிரி மட்டுமே காட்டும், எளிதில் தப்பிவிடும். அதனால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பிடித்துத் திரையோடு ஒப்பிடுவதும் அவசியம். இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது, ஆனால் முப்பது டிகிரி விலகல் ஒளிந்துகொள்ளாது.

பிரஷர்களுக்கும் அதே காலைச் சோதனை செல்லும். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பிரஷர் பூஜ்யம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து முழு பிரஷர் காட்டும் இன்டேக் மேனிஃபோல்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சொல்ல வேண்டும். சென்னையில் நிற்கும் வண்டிக்கு அது 101 கிலோபாஸ்கல் அளவு, ஊட்டியில் வேலை செய்யும் வண்டிக்கு 77 அளவு. வண்டியை ஊட்டிக்கு ஏற்றியதும் அளவு குறைந்துவிட்டது என்று சென்சாரைக் கழற்ற வேண்டாம்.

மீட்டர் ஏமாற்றும் இடம்

நல்ல டிஜிட்டல் மீட்டர் வோல்டேஜ் பார்க்கும்போது இழுக்கும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர் அளவுதான். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் அது முழு 24 வோல்ட் காட்டும். தொடர்பு பார்க்கும் பீப் சத்தமும் வரும். இசிஎம்முக்குப் போகும் சப்ளையும் எர்த்தும் சரியா என்று பார்க்க, இசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு வயருக்கும் நடுவே 24 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றைப் பொருத்தி எரியவிட்டுப் பாருங்கள். ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பிரகாசமாக எரிந்தால் வயர் நல்ல வயர். மங்கினால், பல்ப் எரியும்போதே பேட்டரியிலிருந்து படிப்படியாக வோல்டேஜ் பார்த்துக்கொண்டு வந்தால் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரியும். 5 வோல்ட் வயரிலும் சிக்னல் வயரிலும் இந்தப் பல்ப் வேலை கூடவே கூடாது.

வந்து வந்து போகும் கோட்தான் ஆளைச் சோர்வாக்கும். ஒர்க்‌ஷாப்பில் வராது, குவாரிக்குப் போனதும் வரும். லைவ் டேட்டாவில் அந்த அளவைத் திரையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஹார்னஸை இசிஎம்மிலிருந்து சென்சார் வரை ஒரு சாண் ஒரு சாணாக ஆட்டி, மடக்கி, இழுத்து வர வேண்டும். இன்னொருவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அளவு துள்ளும் இடத்தில் கை நிற்கட்டும். இன்ஜின் சூடானால் மட்டும் வரும் பழுதைச் சூடாக்கித்தான் தேட வேண்டும். பூமைச் சுற்றும்போது வருகிறது என்றால், சுற்றும்போது எந்த ஹார்னஸ் அசைகிறது என்று பாருங்கள். மீட்டரில் மின்/மேக்ஸ் பட்டன் இருந்தால் அதைப் போட்டுவிட்டு வண்டியை வேலை செய்ய விடலாம், கண்சிமிட்டும் நேரத்து வீழ்ச்சியையும் ஓரளவு பிடித்துக் காட்டும்.

வேக சென்சார்கள் இந்த 5 வோல்ட் கதைக்குள் முழுதாக அடங்காதவை. இரண்டு வயர் உள்ள காந்த வகை தானே ஏசி வோல்டேஜ் உண்டாக்கும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்கலாம். கழற்றிப் பார்த்தால் முனையில் இரும்புத் துகள் மீசை போல் ஒட்டியிருப்பது அடிக்கடி நடப்பது. துடைத்து மாட்டினால் சில வேளை அதுவே போதும், ஆனால் அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடக் கூடாது. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போன்றவை வோல்டேஜில் பேசாமல், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயரில் செய்தியாகப் பேசுகின்றன. அங்கே 9, 19 போன்ற எண்கள் வந்தால், சாவியை ஆஃப் செய்து மாஸ்டர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, டயக்னாஸ்டிக் கப்ளரின் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 என்றால் இரு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று தொடர்பில் இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

பழுது கிடைத்த பின்

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊரில் வழக்கம். அதிரும் இன்ஜினில் அது மழைக்காலம் வரைகூடத் தாங்காது. சரியான அளவு கிரிம்ப் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்குங்கள். ஈயம் வைத்தால் வயர் அந்த இடத்தில் விறைத்து, ஈயம் முடியும் ஓரத்தில் அதிர்வுக்கு ஒடியும். உரசிய இடத்தில் வயரை மட்டும் சரிசெய்துவிட்டுப் போகாமல், கழன்ற கிளிப்பையும் மாட்டி, உரசும் முனைக்கும் ஹார்னஸுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

அதன் பிறகுதான் கோடை அழிக்க வேண்டும். அழித்துவிட்டு ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் ஓட்டி அனுப்பாமல், இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை பாரத்தில் ஓட்டி, பூமைச் சுற்றி, டிராவல் செய்து, லைவ் டேட்டாவில் அந்த அளவு துள்ளாமல் போகிறதா என்று பாருங்கள். 100-4 வந்த வண்டியாக இருந்தால் ஒருமுறை மெக்கானிக்கல் கேஜை மாட்டி, திரையில் காட்டும் ஆயில் பிரஷரும் கேஜில் காட்டும் பிரஷரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டே வேலைக்கு விடுங்கள். மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆபரேட்டரிடம் சாவியை ஆன் செய்து எல்லா அளவுகளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே வண்டியில் கோட் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் போட்டோ கையில் இருக்கும்.